கறுப்புத் திரை விழுங்கிய எழுத்து

அத்தியாயம் 4

"குற்றவாளி சாதாரண ஆள் அல்ல, ஒரு தொழில்நுட்ப மேதை."

அறிக்கையின் முதல் வரியே இப்படித்தான் இருந்தது. ஜெபஷீலா அதை இன்னொரு முறை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். தேனி கடைவீதியில், அண்ணனுடைய பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்தும் அவளுக்கு இதுவரை மேதைகள் யாரும் வாய்த்ததில்லை. வாய்த்தவர்கள் எல்லாம் துபாயில் மேனேஜர் என்று சொல்லிப் பெண் பார்த்துவிட்டு, போடியில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் படுத்துக் கிடந்த மாப்பிள்ளைகள்தான்.

"மேதையப் புடிக்கப் போறோம்னு மொதல்லயே சொல்லியிருந்தா நல்ல சட்டை போட்டுட்டு வந்திருப்பேனே மேடம்" என்றான் சுருளியாண்டி, வேனை ஓட்டியபடி. மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பயணிகளோடு பேசிக்கொண்டே இருந்து டிக்கெட் கிழிக்க மறந்ததால் அந்த உத்தியோகம் போயிற்று. உதவியாளர் வேலைக்கு அந்த ஒரு தகுதி போதும் என்று ஜெபஷீலா எடுத்துக்கொண்டாள்.

"நல்ல சட்டைன்னு ஒண்ணு உன்கிட்ட இருக்கா?"

"அதையும் நீங்கதான் துப்பறியணும்."

பின் இருக்கையிலிருந்து ஒரு செருமல் வந்தது. இருவரும் வாயை மூடினார்கள். செருமியது மூக்கம்மாள். இந்த வழக்கின் கட்சிக்காரி. சின்னமனூர்ப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவள். போன ஞாயிற்றுக்கிழமை பசுங்கொடி குளிர்கிடங்கில் முதல் அறையின் குளிர் நின்றுபோய், அதிலிருந்த திராட்சை முழுவதும் வியர்த்து, வெடித்து, புளித்துவிட்டது. ஊர்க்காரர்கள் பலருடைய பழம். மூக்கம்மாளின் பழம்தான் அதில் அதிகம்.

"அந்த அறிக்கையில பேரே போட்டிருக்கு. கம்ப்யூட்டர் பாக்குற ஜோதிலட்சுமிதான் செஞ்சிருக்கா. மொதலாளி இன்னைக்கு மத்தியானம் போலீசுக்கு எழுதிக் குடுக்கப் போறாக" என்றாள் மூக்கம்மாள்.

"அப்புறம் எங்களை எதுக்கு ஆத்தா கூட்டிட்டுப் போறீக?" என்றான் சுருளியாண்டி.

"கோர்ட்டுல அவ தப்பிச்சிரக் கூடாது. ஆணி அடிச்ச மாதிரி ஆதாரம் வேணும். அதுக்குத்தான்."

ஜெபஷீலா திரும்பிப் பார்த்தாள். "அவ செய்யலைன்னு ஆதாரம் கிடைச்சா?"

"கிடைக்காது" என்றாள் மூக்கம்மாள். துப்பறியும் வேலையை இவ்வளவு சுருக்கமாக முடிப்பவளிடம் சம்பளத்துக்குச் சேர்ந்துவிடலாமா என்று ஜெபஷீலா ஒரு கணம் யோசித்தாள்.

*

பசுங்கொடியின் வாசலில் திராட்சை விவசாயிகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். பழி விழுந்ததும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஜோதிலட்சுமியையும் ஜெபஷீலா வரச் சொல்லியிருந்தாள். கைப்பையில் பழைய லேப்டாப்போடு வந்து ஒதுங்கி நின்ற அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் ஏதோ சொல்ல, அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவ எதுக்கு இங்கன?" என்றாள் மூக்கம்மாள்.

"மெஷினை எனக்குத் திறக்கத் தெரியாது. சுருளிக்கு வேன் கதவே திறக்கத் தெரியாது. இவதான் திறந்து காட்டணும்."

மூக்கம்மாள் யோசித்தாள். "சரி. ஆனா அவ கை மேல என் கண்ணு இருக்கும்."

அப்படியே ஆயிற்று. கண்ட்ரோல் ரூமில் ஜோதிலட்சுமி நாற்காலியில் உட்கார, அவள் தோளுக்குப் பின்னால் மூக்கம்மாள் நின்றுகொண்டு பத்து விரல்களையும் காவல் காத்தாள்.

சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அதற்குக் கீழே பேட்டரிப் பெட்டி. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் நிற்காமலிருக்க அந்தப் பெட்டி. குளிர் அறைகளை ஓட்டுவது, நிறுத்துவது, சூடு ஏறினால் போனில் கூப்பிடுவது எல்லாம் இந்த ஒரு கம்ப்யூட்டரின் வேலை. இரண்டாவது அறை மட்டும் இது நின்றாலும் பழைய முறையில் தானே ஓடும்; முதல் அறைக்கு அந்த வசதி இல்லை. அதற்கான புரோகிராமை எழுதியது ஜோதிலட்சுமி. பாஸ்வேர்டு இவ்வளவு முக்கியமான இடத்தில் எப்படிப் பாதுகாக்கப்படுகிறது என்று ஜெபஷீலா கீபோர்டைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டியிருந்தது.

"மொதலாளிதான் ஒட்டச் சொன்னாக. மறந்து போகுதாம்" என்றாள் ஜோதிலட்சுமி.

"ஆக, ஞாயித்துக்கிழமை உன் பேர்ல யாரோ உள்ள போனாங்கன்னா, அது நீதான்னு அர்த்தம் இல்ல. குனிஞ்சு பாக்கத் தெரிஞ்ச யாரும் போயிருக்கலாம்."

"குனியத் தெரிஞ்ச மேதை" என்று சுருளியாண்டி குறித்துக்கொள்வது போல் சொன்னான்.

திரை கறுப்பாக இருந்தது. படம் இல்லை, சாளரம் இல்லை. வெள்ளை எழுத்துகள் மட்டும். ஜோதிலட்சுமி ஏதோ தட்டினாள். பிறகு திகைத்தாள். மறுபடி தட்டினாள்.

"என் நானோவைக் காணோம்."

"காரா?" என்றான் சுருளியாண்டி.

"இல்லண்ணே. எழுதுறதுக்கு வச்சிருந்த சின்ன எடிட்டர். இந்த மாதிரிக் கறுப்புத் திரையில ஃபைலைத் திறந்து எழுதலாம். அடியிலயே போட்டிருக்கும், எதை அமுக்கினா சேமிக்கும், எதை அமுக்கினா வெளிய போகலாம்னு. ரொம்ப லேசு. அதை யாரோ எடுத்துட்டாக."

"நான்தான் எடுத்தேன்" என்று வாசலில் இருந்து ஒரு குரல்.

ஜாஸ்பர். பெங்களூரில் சில வருடம் இருந்துவிட்டுப் போடிக்குத் திரும்பி வந்த தொழில்நுட்ப ஆலோசகர். அறிக்கையை எழுதியவர். அவருடைய பனியனின் நெஞ்சில் ஆங்கிலத்தில் 'வி.ஐ.' என்று பெரிதாக அச்சடித்திருந்தது.

"வி.ஐ.பி. கேள்விப்பட்டிருக்கேன். பி எங்க சார், துவைச்சதுல போயிருச்சா?" என்றான் சுருளியாண்டி.

ஜாஸ்பர் அவனை ஒரு கொசுவைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வி.ஐ. என்பது ஒரு எடிட்டர். உலகத்தில் உண்மையான நிபுணர்கள் பயன்படுத்துவது. நானோ எல்லாம் சின்னப் பிள்ளைகள் விளையாடுவது. மேடம், இந்த நிறுவனத்தின் தரத்தை உயர்த்தத்தான் என்னை வரவழைத்தார்கள். சென்ற வெள்ளிக்கிழமை நானோவை நீக்கிவிட்டேன். இனி இங்கே வி.ஐ. மட்டும்தான்."

"நீங்க அதுல ரொம்ப வருஷமா இருக்கீங்களா?"

"நான் கண்ணை மூடிக்கொண்டு வி.ஐ.யில் எழுதுவேன்."

"கண்ணைத் திறந்துட்டு?" என்று சுருளியாண்டி ஆரம்பிக்க, ஜெபஷீலா அவன் காலை மிதித்தாள்.

கொச்சியிலிருந்து ஒரு பெரிய நிறுவனத்தார் வரப்போவதாகவும், இந்தக் குளிர் அறைப் புரோகிராமைத் தங்கள் கிடங்குகளுக்கும் கேட்பதாகவும், அந்தப் பேச்சுக்குத் தான் முதலாளி அறையில் இருந்தாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டு ஜாஸ்பர் போனார். போகும்போது ஜோதிலட்சுமியைப் பார்த்து, "உண்மையை ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும்" என்றார். மேதைகளின் இலவச ஆலோசனை.

ஜோதிலட்சுமியின் கண் திரையிலேயே இருந்தது.

"அக்கா, இங்கன பாருங்க. புள்ளியில ஆரம்பிக்கிற பேரு. இது மறைஞ்சு கிடக்குற ஃபைல். வி.ஐ.யில ஒரு ஃபைலைத் திறந்தா அது பக்கத்துலயே இப்படி ஒரு நகல் வச்சுக்கும். ஒழுங்கா மூடிட்டு வெளிய வந்தா அதுவே அழிச்சிரும். எழுதிக்கிட்டு இருக்கும்போதே மெஷின் பொசுக்குனு செத்துப் போனாத்தான் இது கிடக்கும்."

"எப்பத்தியது?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

ஜெபஷீலா குனிந்து மேஜைக்கு அடியில் இருந்த பேட்டரிப் பெட்டியைப் பார்த்தாள். "கரண்ட் போனா இது காப்பாத்தும். அப்ப மெஷின் எப்படிப் பொசுக்குனு செத்துச்சு?"

"பெட்டியில இருந்து மெஷினுக்கு வர்ற ஒயரைப் புடுங்கினாத்தான்."

"அறிக்கையில, நீ வீட்டுல இருந்தே போன் வழியா உள்ள நுழைஞ்சு செஞ்சேன்னு இருக்கு."

சுருளியாண்டி கையை நீட்டிப் பார்த்தான். "வீட்டுல இருந்து இங்கன வரைக்கும் எட்டிப் புடுங்கணும்னா கை கொஞ்சம் நீளமா இருக்கணும் மேடம்."

மூக்கம்மாளின் நெற்றி சுருங்கியது.

"புடுங்கினவங்க திரும்பச் சொருகியிருக்காக. ஆனா இந்த மெஷின் தானா எழும்பாது. பொத்தானை அமுக்கணும். அது தெரியாமப் போயிட்டாக. திங்கக்கிழமை காலையில வந்து பாத்தா..." ஜோதிலட்சுமி நிறுத்தினாள். வந்து கதவைத் திறந்தது அவள்தான். அந்தப் புளித்த நெடி முதலில் ஏறியது அவள் மூக்கில்தான்.

"அந்த நகலைத் திற" என்றாள் ஜெபஷீலா.

திறந்தது. அது ஜோதிலட்சுமி எழுதிய புரோகிராமின் நகல். முதல் வரி மட்டும் மாறியிருந்தது. 'எழுதியவர்' என்று ஆங்கிலத்தில் போட்டு, அதற்கு எதிரே ஜோதிலட்சுமியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தே எழுத்துகள்: ஜே, எஸ், பி, இ, ஆர். அதற்குக் கீழே யாரோ வரிசையாக அடித்துத் தள்ளியிருந்தார்கள். எக்ஸிட். எக்ஸிட். குயிட். க்ளோஸ். பேக். கேன்சல். ஹெல்ப். ப்ளீஸ். ப்ளீஸ். ஓ காட்.

சுருளியாண்டி திரைக்கு அருகே குனிந்து படித்தான்.

"மேதை ரொம்ப மரியாதையானவரு. ரெண்டு தடவ ப்ளீஸ் போட்டிருக்காரு" என்றான் சுருளியாண்டி. "ஜே.எஸ்.பி.இ.ஆர்.னா என்னா மேடம், புதுக் கட்சியா?"

"எது எப்படியோ, ஜே-ல தொடங்குது. ஜோதிக்கு ஜே. நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் மூக்கம்மாள்.

"நானுந்தான் ஜே" என்றாள் ஜெபஷீலா.

"நீங்க ஞாயித்துக்கிழமை எங்கன இருந்தீக?" என்று மூக்கம்மாள் கேட்டாள். கட்சிக்காரி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

*

கிடங்குக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் ஜோதிலட்சுமியின் லேப்டாப் திறந்திருந்தது. அதிலும் அதே கறுப்புத் திரை. மூக்கம்மாள் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

"விஷயம் முடிஞ்சு போச்சு மேடம்" என்றான் சுருளியாண்டி. "வெளிய வரத் தெரியாம மாட்டிக்கிட்ட யாரோ ஒரு அப்பாவி ஒயரைப் புடுங்கிட்டான். ஜோதி இல்ல, அதுக்கு எல்லாம் தெரியும். ஜாஸ்பரும் இல்ல, அவரு வி.ஐ.க்குப் பொறந்தவரு. மிச்சம் யாரு? மொதலாளி. அவரு எழுத்துக் கூட்டியே படிப்பாரு."

"ஜாஸ்பருக்கு வி.ஐ. தெரியும்னு யாரு சொன்னா?"

"பனியன்ல போட்டிருக்குல்ல?"

"நீ போட்டிருக்கிற சட்டையில ஹார்வர்டுன்னு போட்டிருக்கு."

சுருளியாண்டி குனிந்து பார்த்துக்கொண்டான்.

ஜெபஷீலா ஜோதிலட்சுமியிடம் திரும்பினாள். "ஒருத்தர் இத்தனை வருஷமா ஒரு வீட்டுல இருக்கேன்னு சொன்னா, அவருக்கு அந்த வீட்டு வாசக்கதவு எங்க இருக்குன்னு தெரியணுமா இல்லையா? வி.ஐ.யைத் திற. வெளிய வர்றதுக்கு என்ன அடிக்கணும்?"

"எஸ்கேப், அப்புறம் ரெட்டைப் புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி."

"ஆச்சரியமே படத் தேவையில்லாத விஷயத்துக்கு ஆச்சரியக்குறியா?" என்றபடி சுருளியாண்டி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். "நான் மொதல்ல என் பேரை அடிச்சுப் பாக்கிறேன்."

ஆங்கிலத்தில் தன் பெயரை ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினான். நிமிர்ந்து பார்த்தான். திரையில் 'உருளியாண்டி' என்று இருந்தது.

"யோவ், யாரு உருளியாண்டி? முன்னாடி இருந்த எஸ்ஸைக் காணோம்!"

ஜோதிலட்சுமி அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். "அது அப்படித்தான்ணே. திறந்ததும் எழுத விடாது. ஒவ்வொரு எழுத்தையும் கட்டளைன்னு எடுத்துக்கும். சில எழுத்து எழுதுறதுக்குக் கதவைத் திறந்துவிடும். அந்த எழுத்தை முழுங்கிட்டு, அதுக்கு அப்புறம் அடிக்கிறதத்தான் எழுதும்."

ஜெபஷீலா தன் பெயரை அடித்தாள். ஜே, இ, பி எதற்கும் திரை அசையவில்லை. 'ஏ' அடித்த பிறகு எழுத்துகள் வந்தன. முடிவில் திரையில் நின்றது 'ஷீலா'.

"உங்க ஜெபத்தையே முழுங்கிருச்சே மேடம். மதத்துரோக எடிட்டர்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. ஜெபஷீலா 'ஏ' என்ற எழுத்து இருந்த விசையை விரலால் தடவியபடி இருந்தாள். அப்புறம் சிரித்தாள். சுருளியாண்டிக்கு அந்தச் சிரிப்பு தெரியும். போடி மாப்பிள்ளையின் அக்கா வீட்டு மொட்டை மாடிக் கதவைத் தட்டுவதற்கு முன்பு வந்த சிரிப்பு அது.

"ஜோதி, முதல் வரியில உன் பேரு எதுக்கு இருந்துச்சு?"

"நான் கேட்டு வாங்கினது அது ஒண்ணுதான்க்கா. புரோகிராமை எழுத ஒரு சீசன் முழுக்க ஆச்சு. யாரும் வாசிக்க மாட்டாக, தெரியும். ஆனா அது இருக்கட்டும்னு நினைச்சேன்."

"கொச்சிக்காரங்க வாசிப்பாங்க" என்றாள் ஜெபஷீலா. "ஆத்தா, வாங்க. மொதலாளியைப் பாத்துட்டு வருவோம். ஜோதி, நீ கண்ட்ரோல் ரூம்ல இரு. லேப்டாப்பை மட்டும் குடு. சார்ஜரையும்."

*

முதலாளி சண்முகராஜ் போலீசுக்கான மனுவை எழுதி முடித்துக் கையெழுத்துக்காகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் ஜாஸ்பர். ஏசி ஓடியது. பழத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் அந்த அலுவலகத்தில் குளிர் கிடைத்தது.

"ஆதாரம் கிடைச்சிருச்சா?" என்றார் சண்முகராஜ்.

"கிடைச்சிருச்சு சார். ஆனா அதைப் படிக்க எங்களுக்குப் புத்தி பத்தல" என்றாள் ஜெபஷீலா, பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலில். "ஜாஸ்பர் சார்தான் உதவி பண்ணணும். ஒரு சின்ன விஷயம்." சுவரோரத்து சுவிட்ச் போர்டில் சார்ஜரைச் சொருகி, லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தாள். "இதுல வி.ஐ. திறந்து கிடக்கு. எங்களுக்கு மூடத் தெரியல. மூடிக் குடுத்துட்டீங்கன்னா மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்."

ஜாஸ்பர் லேப்டாப்பைப் பார்த்தார். "இதற்கெல்லாம் என்னையா கூப்பிடுவீர்கள்?"

"கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன்னு சொன்னீங்களே சார். திறந்துக்கிட்டே செய்யுங்க, பரவாயில்ல."

அவர் ஒரு விசையை அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று. அப்புறம் கண்டபடி. திரையில் இரண்டு எழுத்து வந்து விழுந்தது. "இது வேற வெர்ஷன்" என்றார்.

"அப்படியா சார்" என்றாள் ஜெபஷீலா பணிவாக.

"கீபோர்டும் சரியில்லை."

"அதுவும் வேற வெர்ஷன் போல" என்றான் சுருளியாண்டி.

ஜாஸ்பர் கன்ட்ரோலை அமுக்கினார், ஆல்ட்டை அமுக்கினார், இரண்டையும் சேர்த்து அமுக்கினார். ஏசிக்கு நேரே உட்கார்ந்திருந்தவரின் மேல் உதட்டில் வியர்வை பூத்தது. சண்முகராஜ் பேனாவை மூடினார். மூக்கம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். இப்போது அவள் பார்வை இன்னொருவரின் பத்து விரல்கள் மேல் இருந்தது. திரையில் ஒரு சொல் எழுந்தது. எக்ஸிட். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. குயிட்.

சண்முகராஜுக்கு அது புரியவில்லை. மூக்கம்மாளுக்குப் புரிந்தது. அந்தச் சொற்களின் வடிவத்தைக் காலையில்தான் பார்த்திருந்தாள்.

"இதில் ஏதோ கோளாறு. ரீஸ்டார்ட் செய்தால்..." என்றபடி ஜாஸ்பர் நாற்காலியிலிருந்து சரிந்தார். கை தானாகச் சுவரோரத்துக்குப் போயிற்று. சார்ஜர் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு.

திரை அப்படியே இருந்தது. எக்ஸிட், குயிட் இரண்டும் வெள்ளை வெளேரென்று.

"லேப்டாப்புல பேட்டரி இருக்கும் சார்" என்றான் சுருளியாண்டி, ரொம்பப் பரிவாக.

ஒயரைக் கையில் பிடித்தபடி மண்டியிட்டிருந்த ஜாஸ்பரை எல்லோரும் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்க மறந்துவிட்டார்.

"இது என்னத்தை நிரூபிக்குது? எனக்கு மறந்துவிட்டது. அவ்வளவுதான்."

"மறந்துட்டீங்க, சரி. ஞாயித்துக்கிழமையும் மறந்துட்டீங்க" என்றாள் ஜெபஷீலா. சுருளியாண்டியின் பைக்குள்ளிருந்து ஒரு தாளை வாங்கி, அதில் ஐந்து எழுத்துகளைப் பெரிதாக எழுதி மேஜையில் வைத்தாள். ஜே, எஸ், பி, இ, ஆர். "அன்னைக்குப் புரோகிராமோட முதல் வரியில விழுந்தது இது. கொச்சிக்காரங்க பாக்கிறதுக்கு முன்னாடி அங்க இருக்கிற பேரை மாத்தணும். ஜோதிலட்சுமின்னு இருக்கு. சார் சிக்கனமானவரு. ஜே ரெண்டு பேருக்கும் பொது. அதை ஏன் வீணாக்கணும்? அதை விட்டுட்டு மிச்சத்தை அழிச்சாரு. அடுத்து தன் பேர்ல மிச்சம் இருக்கிறதை அடிச்சாரு. ஏ, எஸ், பி, இ, ஆர். ஆனா வி.ஐ.யில 'ஏ'ன்னா எழுத்து இல்ல. 'இனி எழுது'ன்னு கட்டளை. அது 'ஏ'வை முழுங்கிட்டு மிச்சத்தை மட்டும் எழுதுச்சு."

அவள் பேனாவால் ஜே-க்கும் எஸ்ஸுக்கும் நடுவில் ஒரு 'ஏ'வைச் செருகினாள். சண்முகராஜ் எழுத்துக் கூட்டினார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"நானோ இருந்திருந்தா எப்படி வெளிய போறதுன்னு அதுவே கீழ எழுதிக் காட்டியிருக்கும். சின்னப் பிள்ளைக சமாச்சாரம்னு அதைத்தான் ரெண்டு நாள் முன்னாடி நீங்களே தூக்கிப் போட்டுட்டீங்களே."

"நான் பெயரை மட்டும்தான்..." ஜாஸ்பரின் குரல் முதல் முறையாகப் போடிக் குரலாக மாறியது. "மெஷினு திரும்ப ஓடிரும்னுதான் நினைச்சேன். பழம் போகும்னு நினைக்கல. சத்தியமா நினைக்கல."

"அப்புறம் திங்கக்கிழமை அந்தப் பிள்ள மேல பழியைத் தூக்கிப் போட்டப்ப? அப்ப என்ன நினைச்சீங்க?"

ஜாஸ்பர் கையிலிருந்த ஒயரைத் தரையில் வைத்தார்.

சண்முகராஜ் நிதானத்துக்கு வந்தார். முதலாளிகளுக்கு அது சீக்கிரம் வந்துவிடும். "சரி, நடந்தது நடந்துபோச்சு. கொச்சிக்காரங்க வர்ற நேரம். இது வெளிய தெரிய வேணாம். அந்தப் பிள்ளைய நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிருவோம். கம்ப்ளெயிண்ட் குடுக்கல. இதை நம்மளுக்குள்ள வச்சுக்குவோம்."

"கம்ப்ளெயிண்ட் குடுங்க சார்" என்றாள் ஜெபஷீலா. "எழுதுனதைக் கிழிக்க வேணாம். பேரை மட்டும் மாத்துங்க. ஜே அப்படியே இருக்கட்டும், மிச்சத்தை அடிச்சிட்டு எழுதுங்க. இந்தத் தடவ 'ஏ' விட்டுப் போயிராமப் பாத்துக்கோங்க."

"மேடம், உங்களைக் கூட்டிட்டு வந்தது இந்தம்மா. இது கம்பெனி விஷயம். அவக என்ன சொல்றாகளோ..." சண்முகராஜ் மூக்கம்மாளைப் பார்த்தார். மூக்கம்மாள் அவரைப் பார்க்கவில்லை. அவள் ஏற்கெனவே கதவைத் திறந்துகொண்டு வெளியே போயிருந்தாள்.

ஜன்னல் வழியே பார்த்தார்கள். நேராக வாசல் கேட்டுக்குப் போனாள். நின்றிருந்தவர்கள் அவளைச் சுற்றிக் கூடினார்கள். அவள் பேசியது ஜன்னலுக்குக் கேட்கவில்லை. கையால் இந்த அறையைக் காட்டியது மட்டும் தெரிந்தது. கூட்டத்தின் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பின.

சண்முகராஜ் மனுவைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பெயரை அடித்துவிட்டு, இன்னொரு பெயரை எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக, வெகு கவனமாக.

*

மூக்கம்மாள் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தபோது ஜோதிலட்சுமி திரையில் எதையோ பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றிருப்பது யார் என்று தெரிந்ததும் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் மூக்கம்மாளின் முகம் என்னவோ ஆயிற்று.

"கையை எடுக்காத தாயி. நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்றாள். "அவன்தான். எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தருக்கும் மிச்சமில்லாமச் சொல்லிட்டேன்."

ஜோதிலட்சுமி தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. வாசலில் ஜெபஷீலாவும் சுருளியாண்டியும் வந்து நின்றார்கள். சுருளியாண்டி எதையோ சொல்ல வாயைத் திறந்தான், சொல்லாமல் மூடிக்கொண்டான். ஜெபஷீலா அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ரெண்டாவது ரூம்ல சூடு லேசா ஏறியிருக்கு" என்றாள் ஜோதிலட்சுமி. "நான் இல்லாத நேரத்துல கதவை யாரோ சரியா அடைக்காம விட்டிருக்காக. போயிப் பாக்கணும். உங்க பழம் அதுலயும் இருக்குல்ல?"

"கொஞ்சம் கிடக்கு."

"பாத்திருக்கீங்களா, உள்ள எப்படி வச்சிருக்கோம்னு?"

"எங்கள எங்க உள்ள விட்டாக? கேட்டோட வாங்கிக்கிருவாக."

ஜோதிலட்சுமி எழுந்தாள். சுவரில் ஆணியில் தடித்த நீலக் கோட்டு ஒன்று தொங்கியது, குளிர் அறைக்குள் போகும்போது அவள் போட்டுக்கொள்வது. அதை எடுத்து மூக்கம்மாளின் தோளில் போட்டாள். கை நீளமாக இருந்தது. மடித்துவிட்டாள்.

"அப்ப உனக்கு?"

"எனக்குப் பழக்கந்தான்" என்று சொல்லி ஜோதிலட்சுமி இரண்டாவது அறையின் கனத்த கதவை இழுத்துத் திறந்தாள். வெண்புகை போலக் குளிர் காலில் வந்து மோதியது. மூக்கம்மாள் ஒரு கணம் தயங்கி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.